நூல் செல்லும் நெறி: இருவண்ண பிரியோஷ் காலுறை

மனித சரீரத்தில் துணியால் போர்த்துவதற்கு மிகக் கடினமான அவயவம் எது என்று கேட்டால், தையற்கலையில் தேர்ந்தவர்கள் தோளையோ மார்பையோ காட்டக்கூடும். ஆனால் வடிவத்தை மாத்திரம் கொண்டு தீர்ப்புச் சொல்வதானால் அந்த ஸ்தானம் பாதத்துக்கே உரியது. கெண்டைக்காலில் பருத்து, கணுக்காலில் சிறுத்து, அங்கிருந்து ஏறக்குறையச் செங்கோணமாகத் திரும்பி, பின்புறத்தில் குதிகாலாக உருண்டும் முன்புறத்தில் புறங்காலாகச் சரிந்தும், கடைசியில் விரல்களாகத் தட்டையாகி முடியும் ஓர் உருவத்தை, எங்கும் சுருக்கம் விழாமலும் எங்கும் இறுக்காமலும் மூடவேண்டியிருக்கிறது. அதுமட்டுமன்று. நடுத்தர உயரமுள்ள ஒருவரின் கணுக்காலைச் சுற்றி அளந்தால் சுமார் 22 சென்டிமீட்டர் இருக்கும். குதிகாலின் அடியிலிருந்து புறங்காலின் மேலாகச் சாய்வாகச் சுற்றி அளந்தாலோ சுமார் 32 சென்டிமீட்டர் இருக்கும். காலுறையின் வாய் இந்தப் பெரிய அளவைத் தாண்டி மேலே ஏற வேண்டும்; ஏறிய மறுகணமே அந்தச் சிறிய அளவுக்குச் சுருங்கி, நாள் முழுவதும் நழுவாமல் நிற்க வேண்டும்.

நெய்த துணியால் இதைச் சாதிப்பது அரிது. பாவும் ஊடும் செங்குத்தாகக் கடந்து செல்லும் துணியில், பாவின் திசையில் இழுத்தால் பாவு நூலும், ஊடின் திசையில் இழுத்தால் ஊடு நூலும் இழுவையை நேராகத் தாங்குகின்றன. நூல் நீளாது, ஆதலின் துணியும் நீள்வதில்லை. மூலைவாட்டில் இழுக்கும்போதுதான், நூல்களுக்கு இடையேயுள்ள சதுரக் கண்கள் சாய்சதுரங்களாக மாறி, துணி சற்றே இணங்கி வருகிறது. மத்தியகால ஐரோப்பாவில் கால்களுக்கு உடை தைத்தவர்கள் இந்த இரகசியத்தை அறிந்து, கம்பளித் துணியை மூலைவாட்டில் வெட்டியே தைத்தார்கள். அந்த உடைகள் காலோடு ஓரளவு பொருந்தினவேயன்றி, காலைப் பற்றிக்கொள்ளவில்லை.

பின்னல் இந்தப் பிரச்சினையை முற்றிலும் வேறொரு மார்க்கத்தில் தீர்க்கிறது. இதில் பாவும் இல்லை, ஊடும் இல்லை. ஒரே நூல், முந்தைய வரிசையிலுள்ள ஒவ்வொரு கண்ணியின் வழியாகவும் ஒரு புதிய கண்ணியை இழுத்துக்கொண்டே வளைந்து வளைந்து செல்கிறது. ஆயிரக்கணக்கான கண்ணிகள் ஒன்றையொன்று கோத்து நிற்கும் அந்தத் துணியில் முடிச்சு என்பது ஓரிடத்திலும் கிடையாது. கடைசிக் கண்ணியை விடுவித்து நூலை இழுத்தால், காலுறை முழுவதும் அவிழ்ந்து மீண்டும் ஒற்றை நூலாகிவிடும். இப்படிக் கோக்கப்பட்ட துணியை அகலவாட்டில் இழுக்கும்போது நூல் நீளுவதில்லை. கண்ணியின் இரு கால்களிலிருந்த நூல் அதன் தலைப்பகுதிக்கு நழுவி வருகிறது, கண்ணி உயரத்தில் குறைந்து அகலத்தில் கூடுகிறது. வளைந்த நூல் தன் பழைய வளைவுக்கே திரும்ப விரும்பும் சுபாவமுடையதாகையால், கையை எடுத்ததும் துணி சுருங்குகிறது. சிறிதும் நீளாத பருத்தி நூலைக் கொண்டு பின்னினாலும் துணி நீளும் என்பதை எவரும் வீட்டிலேயே பரிசோதித்துப் பார்க்கலாம். துணியின் இந்தக் குணம் நூலாகிய வஸ்துவில் குடியிருக்கவில்லை; நூல் செல்லும் நெறியில் குடியிருக்கிறது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல விரும்புவது முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவேயாகும்.

பல நூற்றாண்டுகளாகப் பின்னுபவர்களின் விரல்கள் அறிந்திருந்த இந்த உண்மையைப் பௌதிக சாஸ்திரிகள் அளவுகோலும் கணிதமும் கொண்டு ஆராயத் தொடங்கியது அண்மையில்தான். அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த எலிசபெத்தா மாட்சுமோட்டோவும் அவருடைய சகாக்களும், கண்ணிகளின் ஒழுங்கில் மாத்திரம் வேறுபடும் நான்கு வகைத் துணிகளைப் பின்னி, அவற்றை இழுத்துச் சோதித்த முடிவுகளை 2024-இல் வெளியிட்டார்கள். நூலை மாற்றாமல் கண்ணிகளின் வரிசையை மாற்றுவதாலேயே துணியின் விறைப்பும் இணக்கமும் பெரிதும் மாறுகின்றன என்பதை அந்த ஆராய்ச்சி நிறுவியது. இத்தனை காலதாமதமாக இந்த விஷயம் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்ததற்கு, அது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைவேலையாகக் கருதப்பட்டதே பிரதான காரணம் என்பது என் அபிப்பிராயம், இழப்பு விஞ்ஞானத்துக்குத்தான்.

பின்னலில் அடிப்படைக் கண்ணிகள் இரண்டு. பழைய கண்ணியின் பின்புறத்திலிருந்து முன்புறமாகப் புதிய கண்ணியை இழுத்தால் அதை ‘நிட்’ என்றும், முன்புறத்திலிருந்து பின்புறமாக இழுத்தால் ‘பர்ல்’ என்றும் பின்னுபவர்கள் அழைக்கிறார்கள். உண்மையில் இவை ஒரே கண்ணியின் இரு முகங்களேயாம். துணியைத் திருப்பிப் பிடித்தால் நிட் பர்லாகவும், பர்ல் நிட்டாகவும் காட்சியளிக்கும். ஆனால் அந்த இரு முகங்களும் சமமானவையல்ல. கண்ணியில் நூல் வளைந்து கிடக்கும் விதம் முன்னும் பின்னும் ஒன்றாக இல்லாததால், முழுவதும் நிட் கண்ணிகளால் ஆன துணி, பக்க விளிம்புகளில் பின்னோக்கியும், மேல் கீழ் விளிம்புகளில் முன்னோக்கியும் தானாகவே சுருண்டுகொள்கிறது. மேலிருந்து கீழாகச் செல்லும் ஒரு நிட் நிரலும் ஒரு பர்ல் நிரலுமாக மாற்றி மாற்றி அமைத்தால், இந்த எதிரெதிரான சுருளல்கள் ஒன்றையொன்று சமன் செய்து, நிட் நிரல்கள் முன்னே எழும்பவும் பர்ல் நிரல்கள் பின்னே ஒடுங்கவும், துணி மடித்த விசிறியைப்போல் குறுகிவிடுகிறது. இதற்கு ‘ரிப்’ என்று பெயர். ரிப்பை இழுக்கும்போது முதலில் மடிப்புகள் மாத்திரம் விரிகின்றன. அதற்கு மிகக் குறைந்த விசையே போதும். மடிப்புகள் முழுதும் விரிந்த பிறகே கண்ணிகள் உருமாறத் தொடங்குகின்றன. காலுறையின் வாய்ப்பகுதி எங்கும் ரிப்பாக இருப்பதன் தத்துவம் இதுவே.

கையால் எளிதில் செய்யக்கூடிய இந்த ரிப், இயந்திரத்துக்கு எளிதில் வசப்படவில்லை. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த வில்லியம் லீ 1589-இல் காலுறை பின்னும் சட்டத்தை நிர்மாணித்தார். அது ஒரு வரிசைக் கண்ணிகள் அனைத்தையும் ஒரே வீச்சில் பின்னும் அற்புதமான யந்திரம். ஆனால் அதனால் ஒரே முகமுள்ள துணியைத்தான் தர முடிந்தது. அதில் இரண்டாவது ஊசித் தொகுதி ஒன்றை இணைத்து, கண்ணிகளை எதிர்ப்புறமும் இழுக்கும்படி செய்த பெருமை ஜெடிடயா ஸ்ட்ரட்டைச் சேர்ந்தது. 1750-களின் இறுதியில் அவர் உரிமம் பெற்ற அந்தச் சாதனம் ‘டார்பி ரிப்’ என்று புகழ்பெற்றது. லீக்கும் ஸ்ட்ரட்டுக்கும் இடையே ஏறக்குறைய 170 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன.

கையின் சரித்திரமோ இன்னும் நெடியது. எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற பண்டை நகரத்தின் இடிபாடுகளில் கிடைத்த, பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் தனித்தனி அறைகள் கொண்ட செந்நிறக் கம்பளிக் காலுறைகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையில் இருக்கின்றன, அவை கி.பி. 250-க்கும் 420-க்கும் இடைப்பட்டவை. பார்வைக்கு அவை பின்னல் போலவே தோன்றினாலும், தையலூசி போன்ற ஒற்றை ஊசியில் நூலின் நுனியைக் கோத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் நூல் முழுவதையும் இழுத்துச் செய்யப்பட்ட வேறொரு முறையைச் சேர்ந்தவை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஊசிகளால், நூலுருண்டையிலிருந்து இடையறாது நூலை எடுத்துப் பின்னப்பட்ட காலுறைகளில் மிகப் பழமையானவையும் எகிப்திலேயே கிடைத்துள்ளன. அவை இஸ்லாமியர் ஆட்சிக்காலத்தில் நீலமும் வெள்ளையுமான பருத்தி நூல்களால் ஆனவை. ஆகவே இரண்டு நிறங்களை ஒரே காலுறையில் இணைக்கும் ஆசை, பின்னற்கலை எவ்வளவு பழமையானதோ அவ்வளவு பழமையானது.

இனி பிரியோஷுக்கு வருவோம். இது ரிப்பின் அமைப்பையே ஆதாரமாகக் கொண்டு, அதன் ஒவ்வொரு கண்ணிக்கும் இன்னொரு நூல்வளைவைத் துணையாகச் சேர்க்கும் முறை. அதன் இலக்கணம் இரண்டே செயல்களில் அடங்கும். ஒரு கண்ணியைப் பின்னாமல் இடது ஊசியிலிருந்து வலது ஊசிக்கு மாற்றி, மாற்றும்போதே நூலை அதன் மேல் சார்த்திவிடுவது முதற்செயல்; முந்தைய சுற்றில் இவ்வாறு சார்த்தப்பட்ட நூலையும் அதனடியிலுள்ள கண்ணியையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்னுவது இரண்டாவது செயல். ஒரு நிரலில் முதற்செயல், அடுத்த நிரலில் இரண்டாவது என்று மாறி மாறி ஒரு சுற்றும், நிரல்களை இடம் மாற்றி அடுத்த சுற்றும் பின்னினால், இரண்டு சுற்றுக்களுக்குப் பிறகுதான் துணி ஒரு கண்ணி உயரம் வளர்ந்திருக்கும். 1843-இல் லண்டனில் வெளிவந்த ஃபிரான்சிஸ் லாம்பர்ட் அம்மையாரின் பின்னல் நூலில் இந்தக் கண்ணி இடம்பெற்றிருக்கிறது; அங்கே அது வட்டமான ஒரு திண்டுக்காகச் சொல்லப்பட்டது. திண்டுக்கு ஏன் இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது, இத்துணியை விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். நம் காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் பணியாற்றிய நான்சி மார்ச்சன்ட் 2009-இல் வெளியிட்ட நூல்தான், இரண்டு வண்ணங்களில் இதைப் பின்னுவதற்கு ஒழுங்கான குறியீடுகளைத் தந்து, உலகெங்கும் உள்ள பின்னுபவர்களிடையே இதைப் பரப்பியது.

இயந்திரப் பின்னலை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. பழைய கண்ணியை விடுவிக்காமல், அதே ஊசியில் புதிய நூலையும் ஏற்றி வைப்பதை அவர்கள் ‘டக்’ என்பார்கள். திருப்பூரில் வட்டப் பின்னல் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளிக்கு நிட், டக், மிஸ் என்ற மூன்று சொற்களும் பாலபாடம். கழுத்துப்பட்டை வைத்த டீ-ஷர்ட்டுகளுக்கு உரிய, சிறுசிறு குழிகள் தெரியும் ‘பிக்கே’ துணி அந்த டக்கினால்தான் உருவாகிறது. பிரியோஷ் என்பது, ரிப்பின் இரு முகங்களிலும் ஒழுங்காக டக் செய்யப்பட்ட துணியே ஆகும்.

இப்போது இரண்டு வண்ணங்களை உள்ளே கொண்டுவருவோம். கருநீலம் ஒன்று, கடுகு மஞ்சள் மற்றொன்று என்று வைத்துக்கொள்வோம். கருநீலச் சுற்றில், நீல நிரல்களிலுள்ள ஒவ்வொரு கண்ணியும், அதன்மேல் முந்தைய சுற்றில் சார்த்தப்பட்ட மஞ்சள் நூலோடு சேர்த்து நிட்டாகப் பின்னப்படுகிறது. இடையிலுள்ள மஞ்சள் கண்ணிகள் பின்னப்படாமல் நகர்ந்து, நீல நூலை மேலே சார்த்திக்கொள்கின்றன. அடுத்து வரும் மஞ்சள் சுற்றில், அந்த மஞ்சள் கண்ணிகள் தம்மேல் கிடக்கும் நீல நூலோடு சேர்ந்து பர்லாகப் பின்னப்படுகின்றன; நீலக் கண்ணிகள் நகர்ந்து மஞ்சளைச் சார்த்திக்கொள்கின்றன. ஒவ்வொரு நீலக் கண்ணியின் முதுகிலும் ஒரு மஞ்சள் வளைவும், ஒவ்வொரு மஞ்சள் கண்ணியின் முதுகிலும் ஒரு நீல வளைவும் அமைந்துவிடுகின்றன. வெளிப்புறத்தில் பருத்த நீல நிரல்கள் எழும்பி நிற்க, அவற்றின் பள்ளங்களில் மஞ்சள் ஒளிந்திருக்கும். காலுறையின் உட்புறத்தைத் திருப்பினால் மஞ்சள் மேடாகவும் நீலம் பள்ளமாகவும் காணப்படும். துணியின் இரு முகங்களும் சமமான அழகுடையவை. எந்த முகத்தை வெளியே காட்டுவது என்பது அணிபவரின் விருப்பம்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஷெட்லாந்துத் தீவுகளின் புகழ்பெற்ற பல்வண்ணப் பின்னலில், ஒரு வண்ணம் பின்னப்படும்போது மற்ற வண்ண நூல் துணியின் பின்னால் நேர்க்கோடாக ஓடுகிறது. நேராக ஓடும் நூலுக்கு நீளுவதற்கு இடமில்லை. ஆதலால் அந்தத் துணி அகலவாட்டில் இறுக்கமானது. அத்தகைய காலுறையைக் குதிகாலுக்கு மேல் ஏற்றுவது சிரமம் என்று பின்னுபவர்கள் சொல்வது இதனால்தான். இருவண்ண பிரியோஷிலோ, ஓய்வெடுக்கும் நூலும் நேர்க்கோடாக ஓடாமல், எதிர்நிறக் கண்ணியின் மேல் ஒரு வளைவாக ஏறி இறங்கிச் செல்கிறது. அந்த வளைவுகள் விரிந்துகொடுக்கின்றன. இரண்டு நிறத்தையும் பெற்று, நெகிழ்ச்சியை இழக்காமலிருக்கும் வித்தை இது ஒன்றே என்று சொன்னால் மிகையாகலாம். ஆனால் இதைவிட நேர்த்தியான ஒன்றை நான் அறியேன்.

இதனினும் விசேஷமான ஒன்று, காலுறையை அணிந்த பிறகுதான் புலப்படும். மெலிந்த கணுக்காலில் துணி அதிகம் இழுபடுவதில்லை. அங்கே நீல மேடுகள் நெருங்கி நின்று மஞ்சளை மறைத்துவிடுகின்றன. மேலே கெண்டைக்கால் பருக்கப் பருக்க, மேடுகள் விலகி, இடையிலுள்ள மஞ்சள் கோடுகள் படிப்படியாக அகன்று தெரிகின்றன. எந்த இடத்தில் துணி எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை வேறு எந்தக் கருவியும் இன்றிக் கண்ணாலேயே அளந்துவிடலாம். ஒற்றை நிறத்தில் மறைந்து கிடக்கும் இயக்கவியலை இரண்டாவது நிறம் பிரத்தியட்சமாக்கிவிடுகிறது. அலங்காரத்துக்காகச் சேர்த்த ஒன்று விளக்கமாகவும் அமைவது கைவினைகளில் அடிக்கடி நிகழ்வதில்லை.

இவ்விரு நிறங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் சாஸ்திரம் உண்டு. பாரிஸில் கோப்லன் சாயச்சாலையின் தலைவராயிருந்த ரசாயன சாஸ்திரி ஷெவ்ரோல், அடுத்தடுத்து வைக்கப்பட்ட நிறங்கள் ஒன்றன் தோற்றத்தை ஒன்று மாற்றிவிடுகின்றன என்பதை 1839-இல் வெளியிட்ட பெருநூலில் நிறுவினார். கருமைக்கு அருகில் வெண்மை இன்னும் வெண்மையாகவும், நீலத்துக்கு அருகில் மஞ்சள் இன்னும் மஞ்சளாகவும் தோன்றும். பள்ளத்தில் விழும் நிழல் அங்குள்ள நிறத்தை மேலும் கருக்கிக் காட்டுவதால், அடர் நிறத்தைப் பள்ளத்திலும் வெளிர் நிறத்தை மேட்டிலும் வைத்தால் கோடுகள் இன்னும் தெளிவாக நிற்கும். இரண்டும் ஒரே அளவு அடர்த்தியுடையவையாக இருந்தால், நிறம் வேறானாலும் சற்றுத் தொலைவிலிருந்து பார்க்கும்போது வேலைப்பாடு முழுவதும் மங்கிக் கலந்துவிடும்.

மேலிருந்து கீழாகப் பின்னப்படும் காலுறை வாயில் ஆரம்பமாகிறது. முதல் கண்ணிகளை ஏற்றும் விதம் தவறினால் மற்ற எல்லாப் பிரயத்தனமும் வீண். ஏனெனில் துணி எத்தனை நெகிழ்ச்சியாக இருந்தாலும், விளிம்பு 32 சென்டிமீட்டருக்கு விரியாவிட்டால் காலுறை குதிகாலிலேயே நின்றுவிடும். இத்தாலிய முறை என்று வழங்கும் ஏற்றுமுறையில், இரண்டு நூல்களையும் ஒருசேரப் பிடித்து, ஒரு கண்ணி நீலமும் ஒரு கண்ணி மஞ்சளுமாக ஊசியைச் சுற்றி ஏற்றுகிறார்கள். விளிம்பில் நேராக ஓடும் நூல் எதுவும் இல்லாததால் அது துணியோடு சேர்ந்தே விரிகிறது. இரு நிறக் கண்ணிகளும் அடுத்தடுத்து ஊசியில் தயாராகவும் நின்றுவிடுகின்றன. பிரியோஷ் மிக எளிதில் விரியும் துணியேயன்றி, விரிந்தபின் விறைப்பாகச் சுருங்கும் துணியன்று. அந்த வேலையில் சாதாரண ரிப்பே அதனினும் வல்லது. ஆகையால் வாய்ப்பகுதியில் மூன்று நான்கு சென்டிமீட்டர் சாதாரண ரிப்பை மெல்லிய ஊசியில் பின்னிவிட்டுப் பிறகு பிரியோஷைத் தொடங்குவதே உசிதம். பிரியோஷ் அகலத்தில் பரவும் இயல்புடையதாகையால், சாதாரணக் காலுறைக்கு 64 கண்ணிகள் வேண்டிய நூலில் இதற்குக் குறைவான கண்ணிகளே போதும். உதாரணத்துக்கு 56, அதாவது 28 நீலமும் 28 மஞ்சளும்.

வட்டமாகப் பின்னுவதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. தட்டையான துண்டில் இருவண்ண பிரியோஷ் பின்னும்போது, ஒரு நிறத்தில் ஒரு வரிசை முடித்ததும், அடுத்த நிறத்தின் நூல் மறுகோடியில் கிடக்கும். துணியைத் திருப்பாமல் ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, அங்கிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். குழாய் வடிவத்தில் முனை என்பதே இல்லை. நீலச் சுற்று முடியும் இடத்தில் மஞ்சள் நூல் காத்திருக்கும். மஞ்சள் சுற்று முடியும் இடத்தில் நீலம் காத்திருக்கும். காலின் நீளம் முழுவதும் இந்தத் தாளம் மாறாமல் செல்லும்.

குதிகாலில்தான் கணிதம் தலையிடுகிறது. ஜெர்மானியக் கணித மேதை காவுஸ் 1827-இல் பரப்புகளின் வளைவைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியின் ஒரு பயன், தட்டையான தாளை எப்படி மடக்கினாலும், கிழியாமலோ கசங்காமலோ அதைக் கோளத்தின்மேல் பொருத்த முடியாது என்பது. குழாயாகப் பின்னப்பட்ட துணி, எவ்வளவு நீளமானாலும், காவுஸின் கணக்கில் தட்டையானதே. தட்டையான துணியைச் சுருட்டிக் குழாயாக்க முடியுமல்லவா? ஆனால் செங்கோணமாக வளையும் பாதமோ வெளிவளைவில், அதாவது குதிகாலில், கோளத்தை ஒத்த வளைவையும், உள்வளைவில், அதாவது கணுக்கால் புறங்காலைச் சந்திக்கும் மடிப்பில், குதிரைச்சேணத்தின் வகையைச் சேர்ந்த நேர்மாறான வளைவையும் உடையது. முன்னதற்கு அதிகத் துணியும், பின்னதற்குக் குறைந்த நீளமும் வேண்டும். வெட்டுபவன் இங்கே கத்தரியை எடுத்தாக வேண்டும். பின்னுபவருக்கு அந்த அவசியமில்லை; கண்ணிகளின் எண்ணிக்கையை வேண்டிய இடத்தில் கூட்டியும் குறைத்தும், வரிசையைப் பாதியில் திருப்பியும், துணி பிறக்கும்போதே அதற்கு வளைவை ஊட்டிவிடலாம்.

நடைமுறையில் இது இவ்வாறு நிகழ்கிறது. சுற்றின் பாதிக் கண்ணிகளான 28 மாத்திரம் ஊசியில் செயற்பட, மற்ற 28 புறங்காலுக்காகக் காத்திருக்கின்றன. குதிகாலுக்கு பிரியோஷ் ஏற்றதன்று. அது தடித்தது, செருப்பின் உராய்வுக்கு விரைவில் நைந்துபோவது. ஆகவே மஞ்சளை ஓய்வில் விட்டு, நீலத்தில் மாத்திரம், நான்கு கண்ணிகளைக் கூட்டி 32 ஆக்கி, ஒன்றைப் பின்னி ஒன்றை நகர்த்தும் இறுக்கமான முறையில் 32 வரிசை உயரத்துக்கு ஒரு மடலைப் பின்னுகிறார்கள். நகர்த்தப்பட்ட கண்ணிகளின் பின்னால் ஓடும் நூல் துணியை இரட்டிப்பாக்குவதால் அந்த இடம் தேயாமல் நெடுநாள் உழைக்கும். பிறகு நடுக்கண்ணிகளில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையும் முந்தியதைவிடச் சற்றே நீண்டு, ஓரத்தில் ஒரு கண்ணியை விழுங்கித் திரும்பும்படி பின்னினால், 32 கண்ணிகள் 18 ஆகக் குறைவதற்குள் மடலின் அடி தானாகவே குழிந்து கிண்ணமாகிவிடும். மடலின் இரு பக்க விளிம்புகளிலிருந்தும் பதினாறு பதினாறு கண்ணிகளை எடுத்துச் சேர்க்கும்போது அடிப்பாகம் 50 கண்ணிகளாகிறது. இந்தக் கூடுதல் துணியே நாம் முதலில் அளந்த அந்தச் சாய்வான 32 சென்டிமீட்டருக்கு இடமளிக்கிறது. பாதத்தின் நடுவை நெருங்க நெருங்க, இருபுறமும் ஒவ்வொன்றாகக் கண்ணிகளைக் குறைத்து, அடிப்பாகத்தை மீண்டும் 32-க்குக் கொண்டுவருவார்கள்.

பாதத்தில் ஒரு நுட்பமான தொல்லை காத்திருக்கிறது. இதை முன்கூட்டி யோசிக்காதவர்கள் இங்கே வேலையைக் கைவிட நேரிடும். மேலே புறங்காலில் பிரியோஷ் தொடர்கிறது. உள்ளங்காலுக்கோ மெல்லிய, உறுதியான, மேடுபள்ளமற்ற துணியே நல்லது. பிரியோஷில் இரண்டு சுற்றுக்கள் பின்னினால் ஒரு கண்ணி உயரமே வளரும் என்று பார்த்தோம். அதே இரண்டு சுற்றுக்களில் உள்ளங்காலைச் சாதாரணமாகப் பின்னினால் அது இரண்டு கண்ணி உயரம் வளர்ந்துவிடும். சில அங்குலங்களுக்குள் அடிப்பாகம் மேல்பாகத்தைவிட நீண்டு, சுருங்கித் தொங்கும். இதற்குரிய பரிகாரத்தைப் பிரியோஷே கற்றுத் தருகிறது. உள்ளங்காலிலும், நீலச் சுற்றில் ஒன்றுவிட்டு ஒரு கண்ணியை மாத்திரம் பின்னி மற்றவற்றை நகர்த்திவிட வேண்டும். மஞ்சள் சுற்றில், நகர்த்தப்பட்டவற்றை மாத்திரம் பின்ன வேண்டும். அப்போது அடியிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு வரிசையே வளரும். நீலமும் மஞ்சளுமான மெல்லிய நெடுங்கோடுகள் தோன்றும். பின்னால் ஓடும் நூல்கள் உள்ளங்காலுக்கு இரட்டை உறுதி தரும். நேராக ஓடும் நூல் துணியை இறுக்கிவிடும் என்று முன்னே குறையாகச் சொன்ன அதே பண்பு, நீளவேண்டிய தேவையில்லாத இந்த இடத்தில் குணமாகிவிடுகிறது. கண்ணிகளைக் குறைக்கும் கணக்கையும் இரட்டைச் சுற்றை ஓர் அலகாகக் கொண்டே போட வேண்டும். இரண்டு இரட்டைச் சுற்றுக்கு ஒருமுறை, பக்கத்துக்கு ஒன்று என்ற விகிதம் பொருத்தமாக இருக்கும்.

விரல்நுனிப் பகுதி எளிது. மஞ்சளை முடித்துவிட்டு, நீலத்தில் சாதாரணமாகப் பின்னிக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் நான்கு கண்ணிகளைக் குறைத்து 60 கண்ணிகளை 20 ஆக்கி, மேல் பத்தையும் கீழ் பத்தையும் எதிரெதிராக வைத்து, தையலூசியில் கோத்த நூலை ஒரு பின்னல் வரிசை செல்லும் அதே பாதையில் செலுத்தி இணைத்தால், தையல் மேடு என்பதே இல்லாத முடிவு கிடைக்கும். முதல் உலகப்போரில் சேறும் ஈரமும் நிறைந்த பதுங்குகுழிகளில் நாட்கணக்கில் நின்ற படைவீரர்களின் பாதங்கள் அழுகிப்போயின. உலர்ந்த காலுறைகள் அவர்களுக்கு உயிர்நாடியாயின. வீடுகளிலிருந்த பெண்கள் இலட்சக்கணக்கில் அவற்றைப் பின்னி அனுப்பினார்கள். புண்பட்ட காலுக்கு ஒரு சிறு தையல் மேடும் பகையென்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தார்கள்.

நூலின் நெறியே பிரதானம் என்று சொல்லிவந்தேன். அதற்காக நூலின் சுபாவத்தை அலட்சியம் செய்யலாகாது. கம்பளி இழை கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி 1930-களில் எக்ஸ்-கதிர்களைச் செலுத்தி, நீட்டிய கம்பளியும் நீட்டாத கம்பளியும் வெவ்வேறு அணுவமைப்பைக் காட்டுகின்றன என்று கண்டார். சுருண்டிருக்கும் மூலக்கூறுகள் இழுக்கும்போது விரிந்து, விட்டதும் சுருள்கின்றன. அந்தச் சுருளின் சரியான வடிவத்தை 1951-இல் லைனஸ் பாலிங்கும் சகாக்களும் விளக்கினார்கள். ஆகவே கம்பளிக் காலுறையில் மூலக்கூறு, இழை, கண்ணி, ரிப் என்று ஒன்றனுள் ஒன்றாக நான்கு படிகளில் சுருளல் அமைந்திருக்கிறது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் நனைந்த உணர்வைத் தருவதில்லை. பிரியோஷின் மேடுகளுக்குள் அடைபடும் காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். அந்தத் துணி கதகதப்பாக இருப்பதற்குக் கம்பளி எவ்வளவு காரணமோ, அதற்குக் குறையாமல் அது சிறைப்படுத்தும் காற்றும் காரணம். உராய்வைத் தாங்கும் பொருட்டு, காலுறை நூலில் 75 சதவீதம் கம்பளியோடு 25 சதவீதம் நைலான் கலப்பது இப்போது சாதாரண வழக்கம்; 100 கிராமுக்குச் சுமார் 400 மீட்டர் நீளும் அந்த நூலே இந்த வேலைக்கு ஏற்றது. சாதாரணக் காலுறையைவிட பிரியோஷ் அதிக நூலைக் கொள்ளும் என்பதை நினைவில் வைத்து வாங்க வேண்டும்.

இதைச் செய்துபார்க்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் முயற்சியையே காலுறையாகத் தொடங்காதீர்கள். தடித்த நூலில், ஒன்றுக்கொன்று தூரமான இரு நிறங்களில், நாற்பது கண்ணிகளை வட்டமாக ஏற்றி, ஒரு சாண் உயரத்துக்கு பிரியோஷ் குழாய் ஒன்றைப் பின்னுங்கள். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை, ஊசியிலுள்ள எல்லாக் கண்ணிகளின் வழியாகவும், சார்த்திய நூல்களையும் சேர்த்து, வேறொரு நிறப் பருத்தி நூலைக் கோத்து வையுங்கள். பிரியோஷில் நழுவிய கண்ணியை அதன் துணைவளைவோடு சேர்த்து மீட்பது பழகாத கைக்கு மிகக் கடினமாகையால், தவறு நேர்ந்தால் அந்தக் காப்பு நூல்வரை அவிழ்த்துவிட்டு அங்கிருந்து தொடரலாம். நீலச் சுற்றா மஞ்சள் சுற்றா என்ற ஐயம் எழும்போது, ஊசியைப் பாருங்கள்: எந்த நிறக் கண்ணிகளின் மேல் எதிர்நிற நூல் சார்த்தியிருக்கிறதோ, அந்த நிறத்தின் சுற்றே அடுத்தது. இந்த ஒரு விதி கைக்குப் பழகிவிட்ட பிறகு மெல்லிய நூலையும் மெல்லிய ஊசிகளையும் எடுங்கள். காலுறை அதன்பின் கடினமன்று.